வீட்டுக்கு கிரீன் சர்டிபிகேட் வாங்கறது வேலைக்கு ஆகுங்களா?

அன்னூர்காரன்:
வணக்கமுங்க. அன்னூர்ல இருந்து சித்த உள்ள தள்ளி 6 சென்ட்ல வீடு கட்டலாம்னு இருக்கோம், கீழ ஆயிரம் சதுரடி, மேல ஒரு ரூமு. எங்க இன்ஜினியர் தம்பி, அண்ணா ஐஜிபிசின்னு இந்திய பசுமைக் கட்டட கவுன்சில், அவங்க கிரீன் ஹோம்ஸ்னு ஒன்னு வெச்சிருக்காங்க, அதுல ரிஜிஸ்டர் பண்ணி சர்டிபிகேட் வாங்கிட்டா வீட்டுக்கே தனி மதிப்புங்கறாப்ல. எங்கப்பா அதக் கேட்டுப்போட்டு "வீட்டுக்கு எதுக்குடா கண்டக்ட் சர்டிபிகேட்டு"ன்னு சிரிக்கறாரு. இப்ப இருக்கற வாடகை வீடு தார்சு வீடுங்க, மேல கான்கிரீட்டு, சித்திரை வைகாசில ரவைக்கு 11 மணிக்கு ஃபேன் போட்டாலும் சூடு காத்தத்தான் அள்ளிக் கொட்டுது, பையன் தலகாணிய தூக்கிட்டு திண்ணைக்குப் போயிர்றான். சர்டிபிகேட் வாங்குனா கரண்டு பில்லு, தண்ணி செலவு, இந்த வேக்காடு எல்லாம் நெசமாவே கொறையுமா, இல்ல சும்மா செவுத்துல மாட்டற பலகைதானா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மட்டக்கோல்:
சர்டிபிகேட்டு வீட்ட குளுகுளுன்னு ஆக்காதுங்க, அதுக்காக செய்யற வேலைதான் ஆக்கும். ஐஜிபிசிங்கறது 2001ல சிஐஐங்கற தொழில் கம்பெனிகளோட கூட்டமைப்பு ஆரம்பிச்சது, தலைமை ஆபீஸ் ஹைதராபாத். அங்க அவங்க கட்டுன கட்டடம் 2003ல லீட்ங்கற அமெரிக்க கிரீன் சர்டிபிகேட்ல ஒசந்த ரேங்க் பிளாட்டினம் வாங்குச்சு, அமெரிக்காவுக்கு வெளிய அதுதான் முதல், அடுத்த வருசம் அப்துல் கலாம் தொறந்து வெச்சாரு. இது போக டெரின்னு டெல்லி ஆராய்ச்சி நிறுவனம் கொண்டு வந்த கிருஹாங்கற சர்டிபிகேட் இருக்கு, சின்ன கட்டடத்துக்கு ஸ்வகிருஹான்னு தனியா. எல்லாமே பரிட்சை மாதிரிதான், கண்டிப்பா செய்ய வேண்டியது கொஞ்சம், மார்க்குக்கு செய்யறது மிச்சம்.

உங்க கேஸுக்கு வர்றேன். நம்ம பக்கம் ஒரு கோக்குமாக்கு இருக்கு. பாலக்காட்டு கணவாய் வழியா ஆனி ஆடில வர்ற காத்து மேக்க இருந்துதான் வரும், பங்குனி சித்திரைல மத்தியானத்துக்கு மேல வெயிலும் அதே மேக்க இருந்துதான் அடிக்கும். காத்துக்கு ஆசைப்பட்டு மேக்கால பெரிய ஜன்னல் வெச்சா வெயில் கட்டில் வரைக்கும் வந்து படுத்துக்கும், பொழுது சாயற வெயிலுக்கு சன்ஷேடு ஒன்னும் பண்ணாது, சரிஞ்சு நேரா உள்ள வந்துரும். அதனால மேக்கால சின்ன ஜன்னலா கொஞ்சம் ஒசரத்துல வெச்சு மரக்கதவு போடுங்க, இல்லைன்னா ஓட்டை ஓட்டையா ஜாலி செவுரு கட்டுங்க, கெழக்கால பெரிய ஜன்னல் வெச்சா காத்து பூந்து வெளிய போகும். படிக்கட்டு, பாத்ரூம், ஸ்டோர் ரூம் எல்லாத்தையும் மேக்க தள்ளுங்க, வெயில அது வாங்கிக்கட்டும்.

அப்பறம் மேல தார்சு. பகல் முச்சூடும் குடிச்ச சூட்ட கான்கிரீட்டு ரவைக்குத்தான் துப்பும், உங்க பையன் திண்ணைக்கு ஓடறது அதுனாலதான். தட்டோடு பதிச்சு மேல வெள்ளை கூல் டைல்ஸோ கூல் ரூஃப் பெயிண்ட்டோ போட்டுருங்க, சோலார் பேனல் நிறுத்துனா அந்த நெழலும் சேந்துக்கும். 3 கிலோவாட் போட்டா பிஎம் சூர்யகர்ங்கற மத்திய அரசு சோலார் திட்டத்துல 78,000 ரூபா மானியம் வருது. செவுத்துக்கு ஃப்ளை ஆஷ்ங்கற சாம்பல் கல்ல விட, உள்ள காத்துக் குமிழி இருக்கற லேசான ஏஏசி பிளாக் சூட்ட நல்லா தடுக்கும், ஆனா ஆணி அடிச்சா நிக்காது, காலண்டர் மாட்டறதுக்கே செவுத்துல சொருகற தனி பிளக் வேணும், வீட்டம்மா கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சுருங்க.

மழைத்தண்ணி கணக்கும் போட்டுப் பாருங்க, ஆயிரம் சதுரடி மொட்டமாடில வருசத்துக்கு 600 மில்லிமீட்டர் பேஞ்சா விழறது 55 ஆயிரம் லிட்டருக்கு மேல. வழியில போறது கழிச்சாலும் 40 ஆயிரம் சம்புக்கோ போர் பக்கத்துலயோ எறங்கும்.

பனியன் கம்பெனி:
ஏனுங்க, பலகைன்னு லேசா சொல்லிப்போட்டீங்க. எங்களுக்கு திருப்பூர்ல சின்ன யூனிட்டு, புது ஷெட்டு போடறப்பவே வெளிநாட்டு பையர் லீட் இருக்கான்னு கேட்டாரு, பக்கத்துல பங்களாதேஷ்ல 200 ஃபேக்டரிக்கு மேல வாங்கி வெச்சிருக்கான், நாம இல்லைன்னா ஆர்டர் அக்கட்டால போயிரும். அதுல 110க்கு மார்க்கு, 40 எடுத்தா பாஸ், 50 சில்வர், 60 கோல்டு, 80 பிளாட்டினம். நாங்க 58ல நின்னுட்டோம். என்னன்னு பாத்தா, பழைய ஷெட்ட இடிச்ச குப்பை எங்க போச்சு, எவ்வளவு எடைன்னு ரசீது கேக்கறாங்க, நம்ம ஆளு லாரிக்காரன கூப்பிட்டு தூக்கி போட்டுட்டு வாங்குண்ணான்னு விட்டுட்டான், எடை மேடை சீட்டு ஒன்னு கூட இல்ல. அதுக்கு 2 மார்க்கு. அந்த ரெண்டு இருந்திருந்தா கோல்டுங்க. இன்னைக்கும் குப்பை லாரி போனா எனக்கு வயிறு எரியுது.

கன்சல்டன்ட்டு சர்டிபிகேட் குடுக்கறதில்ல, ஃபைல் ரெடி பண்றதோட சரி, மார்க்கு போடறது வேற ஆளு. அதனால வாங்கறதா இருந்தா கடைக்கால் தோண்டறதுக்கு முன்னாடியே ரிஜிஸ்டர் பண்ணிருங்க, ஒவ்வொரு பில்லும் பத்திரமா வெக்கோணும். குடியிருக்கற வீட்டுக்கு இத்தனை ரோதனை எதுக்குன்னு எனக்கும் புரியல, யாருகிட்ட காட்டப் போறீங்க?

அமுச்சி வீட்டு ஆசாரம்:
கோயமுத்தூர்ல ஒரு ஆபீஸ்ல வேலை பாத்தேன், நாலு பக்கமும் கண்ணாடி, வாசல்ல பளபளன்னு கிரீன் பில்டிங் பலகை. உள்ள மார்கழி மாசத்துலயும் ஏசி, ஒரு ஜன்னல் தொறக்க முடியாது, ஸ்வெட்டர் போட்டுட்டு உக்காந்திருப்போம். மார்க்கு போடறது பெரும்பாலும் டிசைன் கணக்கு வெச்சுங்க, அப்பறம் உள்ள இருக்கறவன் ஏசிய 18ல வெச்சா யாரு கேப்பா.

எங்க அமுச்சி, அதான் அம்மாவப் பெத்தவங்க, வீடு பெருந்துறை பக்கம் தொட்டிக்கட்டு வீடு, கை ஓடு, ஒன்றரை அடி மண் செவுரு, நடுவுல தொட்டி வழியா சூடு மேல போயிரும். சித்திரைல கூட ஆசாரத்துல, அதான் முன்கூடத்துல, வெறும் தரைல படுத்தா போதும். அதுக்குன்னு சொர்க்கம்னு சொல்லல, ஐப்பசி மழைக்கு ஆறு எடத்துல ஒழுகும், ஏழாவது எடத்துல அமுச்சி அண்டா வெச்சிருக்கும், அப்பப்ப ஓட்டுல இருந்து தேளு விழும். ஃபில்லர் ஸ்லாப் கேட்டுப் பாருங்க, சென்ட்ரிங் மேல ஓட்ட கவுத்து வெச்சு கம்பி கட்டி கான்கிரீட் போடுவாங்க, கீழ்பாகத்துல வேலை செய்யாம சும்மா கெடக்கற கான்கிரீட்டுக்கு பதிலா ஓடு. சிமெண்ட்டும் மிச்சம், சூடும் கொறச்சல், தேளும் வராது.

அன்னூர்காரன்:
ரொம்ப நன்றிங்க எல்லாத்துக்கும். சர்டிபிகேட் வேண்டாம்னு தம்பிகிட்ட சொல்லிட்டேன், மூஞ்சி தொங்கிப்போச்சு, ஆனா அவுங்க செக்லிஸ்ட்ட வெச்சே பிளான மாத்தறேன்னு ஒத்துக்கிட்டாப்ல. படுக்கற ரூமு கெழக்கால வந்துருச்சு, படிக்கட்டு மேக்க. மேக்கால வெயிலுக்கு மரம் வெக்கலாம்னு அப்பா சொல்றாரு, செப்டிக் டேங்க்கும் அங்கதான் வருது. வேம்பா புங்கனான்னு மட்டும் சொல்லுங்க.

மட்டக்கோல்:
மொதல்ல டேங்க்க மாத்துங்க.