கலைச்சொல்: கரை கடந்த பிறகு உள்மாவட்டங்களுக்கு வரும் புயலுக்கு என்ன பெயர்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டேன். புயல் எச்சம், புயல் மிச்சம், பின்புயல், ஓய்புயல், புயல் மழை, மழைச்சுழி என்று சொற்கள் வந்திருக்கின்றன. என் வாக்கு மழைச்சுழிக்கு. காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்தச் சொல் யாருக்கு வேண்டும், எதற்கு வேண்டும் என்று பேசாமலே நேராகப் பகுதி, விகுதி, சந்தி என்று போய்விட்டோமோ என்று தோன்றுகிறது.

நான் இருப்பது தருமபுரி மாவட்டத்து அரூர். எங்கள் பக்கம் புயல் என்றால் அது கடற்கரைக்காரர்கள் பாடு. நாகை, கடலூர், சென்னை என்று செய்தியில் ஓடும். இங்கே மோடம் போடும், குளிர்காற்று அடிக்கும், இரண்டு நாள் தூறிவிட்டுப் போய்விடும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டுமே தென்மேற்குப் பருவத்திலும் நல்ல மழை பெறும் மாவட்டங்கள். அதனால் கார்த்திகை மாதத்தில் வங்கக் கடலில் என்ன நடக்கிறது என்று தினமும் பார்க்கும் பழக்கம் இங்கே குறைவு. 'புயல் கரையைக் கடந்தது' என்று காதில் விழுந்ததும் கதை முடிந்தது என்று டிவியை அணைத்துவிடுகிறோம்.

2024-ல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் பல மணி நேரம் அங்கேயே நின்றது. புதுச்சேரியும் மயிலமும் விழுப்புரமும் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். மறுநாள் அது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுவிழந்தது. அப்புறம் இன்னும் வலுவிழந்துகொண்டே மெல்ல மேற்கே நகர்ந்தது. டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் பதிவான மழை 50 சென்டிமீட்டர். அரூரில் 33. அன்றைக்குத் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்த இடம், புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊத்தங்கரை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில் அங்கே கொட்டியது. நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் இந்தப் புயலைப் பற்றிச் செய்திகளில் ஓடிக்கொண்டிருந்த வினைச்சொல் 'வலுவிழந்தது'.

இதில் யாரும் தவறாகச் சொல்லிவிடவில்லை. புயலைத் தரம் பிரிப்பது முழுக்கக் காற்றின் வேகத்தை வைத்துத்தான். மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வரை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 62-ஐத் தொட்டால் புயல், 89-ஐத் தொட்டால் தீவிரப் புயல். மழைக்கு இருப்பது வேறு அளவுகோல். ஒரு நாளில் 64.5 மி.மீ. பெய்தால் கனமழை, 115.6 ஆனால் மிக கனமழை, 204.5 ஆனால் அதி கனமழை. ஊத்தங்கரையில் பெய்தது இந்தக் கடைசி அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். காற்றுக் கணக்கில் படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்த ஒன்று, மழைக் கணக்கில் உச்சிக்குப் போயிருக்கிறது. கேட்கிற நமக்கோ காற்றுக் கணக்கின் பெயர்கள் மட்டும்தான் பழக்கம்.

ஏன் இப்படி ஆகிறது என்பதும் சொல்லமைப்புக்கு உதவும். நிலத்துக்குள் வந்ததும் அடியிலிருந்து கிடைத்துக்கொண்டிருந்த கடலின் வெப்பம் நின்றுபோகிறது. தரை, மரம், கட்டடம் எல்லாம் உராய்ந்து காற்றைத் தளர்த்துகின்றன. ஆனால் சுழற்சி உடனே கலைந்துவிடுவதில்லை. கிழக்கேயிருந்து வீசும் காற்று வங்கக் கடலின் ஈரத்தை அதற்குள் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டே இருக்கும். சுழற்சி மெதுவாக நகர்ந்தால் ஒரே ஊரின் மேல் மணிக்கணக்கில் பெய்யும். போதாததற்கு எங்கள் பக்கம் மலைகள் வேறு: ஜவ்வாது மலை, சித்தேரி, கல்வராயன், சேர்வராயன். ஈரக்காற்று மலைச்சரிவில் மேலேறும்போது குளிர்ந்து இன்னும் மழையைக் கொட்டும். கடலோரச் சமவெளியில் இல்லாத இந்த ஒரு காரணம் இங்கே உண்டு.

இந்தப் பெயர் உள்மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டும் தேவை என்றும் நினைத்துவிடாதீர்கள். ஊத்தங்கரைப் பக்கத்து மழை பாம்பாற்றிலும், அரூர்ப் பக்கத்து மழை வாணியாற்றிலும் ஓடி, கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே, சாத்தனூர் அணைக்கு மேலே தென்பெண்ணையில் சேர்கிறது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் வெளியேறியது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. புயல் நம்மைத் தாண்டிப் போய்விட்டது என்று மூச்சுவிட்ட கடலோர மாவட்டங்களுக்கே அதன் மழை ஆற்று வழியாகத் திரும்பிப் போனது. மேற்கே போனது இன்னும் மழையைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறது என்று அவர்களும் ஒரு சொல்லில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, இனி சொற்களுக்கு வருகிறேன்.

> 'புயல் எச்சம்' நேரான சொல். பெயரெச்சம், வினையெச்சம் என்று பள்ளியிலேயே படித்ததுதானே?

இலக்கண வகுப்பில் சரி. வீட்டில் எச்சம் என்றால் காக்கை எச்சம்தான் முதலில் நினைவுக்கு வரும். அதைக்கூடப் பழகினால் மறந்துவிடலாம். எனக்கு இடிப்பது அதன் நேர்ப்பொருள். எஞ்சியது என்றால் பெரும்பகுதி போய்விட்டது, கொஞ்சம் இருக்கிறது என்றுதான் காது எடுத்துக்கொள்ளும். மிச்சமும் அப்படியே. 50 சென்டிமீட்டர் மழை எதற்கும் மிச்சம் இல்லை. இந்தச் சொல்லைக் கேட்டவர் ஏரி கோடி போகிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும், தாழ்வான இடத்தில் நிறுத்திய வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், அறுத்துப் போட்ட ராகியை உள்ளே எடுக்க வேண்டும், குச்சிக்கிழங்குக் காட்டில் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டிவிட வேண்டும். எச்சம் என்று கேட்டு யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

ஓய்புயல் வேண்டவே வேண்டாம். 'ஓஞ்சிபோச்சு' என்று ஊர் முழுக்கப் பரவிவிடும். பின்புயல் என்பதில் வேறு ஆபத்து: இரண்டாவதாக இன்னொரு புயல் வருகிறது என்று ஆகிவிடும். கூரைத் தகரத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டு காற்றுக்காகக் காத்திருப்பார்கள், தண்ணீர் பக்கத்து ஓடையிலிருந்து வரும்.

> மக்கள் ஏற்கெனவே 'புயல் மழை' என்கிறார்கள். அதைவிட எளிமையாக என்ன வேண்டும்?

காவேரிப்பட்டணத்து அண்ணன் எழுதியதில் நியாயம் இருக்கிறது. மக்கள் வாயில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாகச் செய்யக்கூடாது என்பதில் நானும் அவர் பக்கம்தான். பெய்கிற மழைக்குப் பெயர் புயல் மழை என்றே இருக்கட்டும் அண்ணா. ஆனால் அறிவிப்பில் நமக்கு வேண்டியது நகர்கிற ஒன்றின் பெயர். இப்போது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று சொல்ல ஓர் எழுவாய் வேண்டும். 'புயல் மழை திருவண்ணாமலைக்கு மேற்கே மையம் கொண்டுள்ளது' என்று எழுதினால் வாக்கியம் நிற்கவில்லை.

சேலத்து ஐயா, பழைய தமிழில் புயல் என்பதே மேகத்தையும் மழையையும் குறித்தது என்று நினைவூட்டியிருந்தார். அந்த மடல் எனக்கு மிகவும் பிடித்தது. 'ஏரின் உழாஅர் உழவர் புயலென்னும் வாரி வளங்குன்றிக் கால்' என்ற 14-ஆம் குறளில் வரும் புயல் மழையேதான். உழவர்க்கு வருவாயாக இருந்த சொல், பின்னால் பெருங்காற்றின் பெயராகிவிட்டது. அந்தப் பழைய பொருளை மீட்டு, வலுவிழந்த பிறகும் புயல் என்றே சொல்லலாம் என்கிறார் ஐயா. இன்றைக்கு அது முடியாது என்று நினைக்கிறேன். காற்று 62 கி.மீ.க்குக் கீழே இறங்கிய பிறகும் புயல் என்றால் மின்வாரியத்துக்காரர், பேருந்து ஓட்டுநர், பள்ளித் தலைமையாசிரியர் எல்லோரும் காற்றுக்கான ஏற்பாட்டைச் செய்வார்கள். ஆனால் ஐயா காட்டிய வழியில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். காற்று முன்னுக்கு வந்து மழை பின்னுக்குப் போன சொல்லுக்குப் பக்கத்தில், மழையை முன்னால் வைத்து ஒரு சொல்லை நிறுத்துவோம்.

மழைச்சுழி அப்படிப்பட்டது. மழை முதலில் வருகிறது. சுழி என்பது சுழலும் ஒன்று, ஒரு மையம் உள்ளது, நகரக்கூடியது. ஆற்றுச் சுழி தெரிந்த எவருக்கும் விளக்கம் வேண்டாம். அதில் ஆபத்து என்ற பொருளும் ஒட்டியே இருக்கிறது. இழுத்துக்கொண்டு போய்விடும் என்று பிள்ளைகளை எச்சரித்து வளர்த்த சொல் அது.

மறுப்புகள் மூன்று வந்தன. சுழி என்றால் பூச்சியமும், மாட்டுக்குப் பார்க்கும் சுழியும் நினைவுக்கு வரும் என்று ஒரு தம்பி எழுதினார். தனியாக நின்றால் வரும், மழையோடு சேர்ந்து நின்றால் வராது. இரண்டு ழகரம் இருப்பதால் அறிவிப்பாளர் தடுமாறுவார் என்றார் இன்னொருவர். வானொலியில் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஊராட்சி ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்பவர் 'மளச்சுளி' என்றாலும் பொருள் கெடவில்லையே.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. வானிலை அறிக்கைகளில் வளிமண்டல மேலடுக்கு சுழற்சி, கீழடுக்கு சுழற்சி என்று ஏற்கெனவே இருக்கிறதே, குழப்பம் வராதா என்பது. அதனால்தான் வரையறையை இறுக்கமாக வைக்கச் சொல்கிறேன். மழைச்சுழி என்பது, கரை கடந்த புயலின் காற்று மணிக்கு 62 கி.மீ.க்குக் கீழே தணிந்த பிறகும், மழை மேகங்களோடு நிலத்தின் மேல் நகர்ந்துகொண்டோ நிலைகொண்டோ இருக்கும் சுழற்சி. கடலில் புதிதாக உருவாகும் தாழ்வுப் பகுதிக்கு இந்தப் பெயர் கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் கடலில் இருந்தபடியே சென்னையை மூழ்கடித்துவிட்டு ஆந்திராவின் பாபட்லா அருகே கரையேறியது. அங்கே பெய்தது புயலின் மழை, மழைச்சுழியின் மழை ஆகாது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, புதுக்கோட்டை வரை மரங்களைச் சாய்த்துக்கொண்டு போனது. அங்கேயும் அது புயல்தான். காற்று தணிந்த பிறகே பெயர் மாற வேண்டும்.

இதோடு இன்னொன்றையும் நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கக் கேட்கிறேன். பொதுமக்களுக்கான வாக்கியங்களில் 'வலுவிழந்தது' என்பதற்குப் பதில் 'காற்று தணிந்தது' என்று எழுதலாம். எது குறைந்ததோ அதை மட்டும் சொல்கிறது. மழை குறைந்துவிட்டதாகக் கேட்பவர் எடுத்துக்கொள்ள மாட்டார். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் போன்ற துறைப் பெயர்கள் அறிக்கையில் அப்படியே இருக்கட்டும், அவற்றில் கைவைக்கச் சொல்லவில்லை.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்:

'புயல் நேற்றிரவு கரையைக் கடந்தது. காற்று தணிந்துவிட்டது. அதன் மழைச்சுழி மெதுவாக மேற்கே நகர்கிறது. இன்று இரவு கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் அதி கனமழை பெய்யலாம். ஏரி, ஓடை ஓரங்களில் இருப்பவர்கள் மேடான இடத்துக்குச் செல்லவும்.'

எனக்கு இது தடையில்லாமல் ஓடுகிறது. வினைச்சொற்களில் நகர்கிறது, நிலைகொண்டுள்ளது, கலைந்தது மூன்றும் பொருந்துகின்றன. இரண்டு மழைச்சுழிகள் ஒரே நேரத்தில் வந்தால் புயலின் பெயரையே முன்னால் சேர்த்து ஃபெஞ்சல் மழைச்சுழி என்பது போலச் சொல்லிக்கொள்ளலாம்.

வேறு சொல் வைத்திருப்பவர்கள் சொல்லை மட்டும் அனுப்பாமல், இதேபோல் ஐந்து வரி அறிவிப்பும் எழுதி, வீட்டில் யாரிடமாவது வாசித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள். கேட்டவர் என்ன செய்யக் கிளம்பினார் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
அரூரிலிருந்து ஓர் உறுப்பினர்