குட்டியோட நோட்டு ஏன் வெத்தா இருக்கு? எங்க குடும்பத்து வளவு குரூப் பேச்சு

(அப்பச்சின்னா எங்க அப்பா, அயித்தை அவுக தங்கச்சி, அண்ணமிண்டின்னா அண்ணன் பொண்டாட்டி. குட்டி என் மக, தம்பி அண்ணன் மகன்)

அப்பச்சி: குட்டி பைய இப்பதான் தொறந்து பாத்தேன். ஸ்கூல் தொறந்து மூணு மாசம் ஆச்சு, நோட்டுல ஒரு எழுத்து இல்ல. பூரா கிறுக்கல், ஒரு பக்கத்துல வேப்பிலைய ஒட்டி வச்சிருக்கு. என்னம்மா இது

நான்: அது எழுதுற நோட்டு இல்ல அப்பச்சி, அவ ஒட்டி வைக்கிற புத்தகம். எல்கேஜில எழுத நோட்டே குடுக்கல. வெளாட்டு வழியா சொல்லிக்குடுக்குற ஸ்கூல்னு சேக்கும்போதே சொன்னேன்ல

அப்பச்சி: வெளாட வீட்ல முகப்பு இருக்கு, வளவு இருக்கு, பணம் கட்டியா வெளாடணும்

கோயம்புத்தூர் அண்ணமிண்டி: எங்க தம்பி ஏ பி சி டி முழுசா எழுதிருவான் மாமா, உயிரெழுத்து 12ம் எழுதுறான், நம்பர் 50 வரைக்கும். தினம் 4 பக்கம் ஹோம்வொர்க். ஆனா ஒரு பக்கம் முடியறதுக்குள்ள கை வலிக்குதுன்னு அழுகுறான், அதான் மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு

தேவகோட்டை அயித்தை: அழத்தான் செய்வான். அவன் சோம்பேறின்னு மட்டும் நெனச்சிராதீக. மணிக்கட்டுல 8 சின்ன எலும்பு இருக்கு, பொறக்கும்போது அது எல்லாமே குருத்தெலும்பு, அப்புறம் ஒண்ணொண்ணா கெட்டியாகும், நாலு வயசுல பாதிதான் ஆகியிருக்கும், கடைசி எலும்பு கெட்டியாக எட்டு வயசு தாண்டிரும். விரல் தசையும் இன்னும் பழகல. அந்தக் கைல பென்சில குடுத்து 4 பக்கம்னா எப்படித் தாங்கும்? நானும் ஒண்ணாப்பு டீச்சரா அம்புட்டு வருசம் இருந்தேன், பென்சில கட்டை விரலோட சேத்து முஷ்டியா புடிச்சு அழுத்தி அழுத்தி எழுதுற புள்ளைகள எத்தனையோ பாத்துட்டேன், அந்தப் புடிய அப்புறம் மாத்துறது ரொம்பக் கஷ்டம்

கோயம்புத்தூர் அண்ணன்: நீங்க சொல்றது சரி அயித்தை. ஆனா ஒண்ணாப்புக்கு ஒரு ஸ்கூல்ல விசாரிச்சோம், புள்ளைய உக்கார வச்சு எழுதச் சொல்லிப் பாப்போம்னு நேராவே சொல்றாக. எழுதலன்னா சீட்டு இல்ல. அப்ப நாங்க என்ன செய்றது

நான்: அண்ணே அந்தப் பயம் எனக்கும் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா போன வெள்ளிக்கிழமை பெத்தவுக வந்து உக்காந்து பாக்கலாம்னு சொன்னாக, நான் காலைல இருந்து மத்தியானம் வரை இருந்தேன். பாத்ததச் சொல்றேன், பெருசா இருக்கும், பொறுமையா படிங்க

நான்: வகுப்புல ஒரு மூலையில கடை வச்சிருக்காக. நம்ம ஊரு ஓலைக் கொட்டான்ல வெண்டைக்காய், தக்காளி, எலுமிச்சம்பழம், ஒரு தராசு, சில்லறை. அன்னைக்கு குட்டிதான் கடைக்காரி. ஒரு பையன் வந்து 5 தக்காளி வேணும்னான், கொட்டான்ல இருந்தது 3 தான். இவ ஒவ்வொண்ணா தொட்டு எண்ணிட்டு மூணுதான் இருக்குங்கிறா. டீச்சர் பக்கத்துலயேதான் இருந்தாக, ஆனா அஞ்சுல மூணு போனா எத்தனைன்னு கேக்கல, ‘அய்யோ அவுக வீட்ல அஞ்சு பேருக்குக் கொழம்பாம், இப்ப என்ன செய்வீக’ன்னு கேட்டாக. குட்டி கொஞ்ச நேரம் விரல மடக்கிப் பாத்துட்டு அடுத்த மூலைல இருந்து ரெண்டு மரக்கட்டைய எடுத்தாந்து இது தக்காளின்னு வச்சா!! எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு

நான்: அப்புறம் பில்லு போட்டா. பாத்தா கிறுக்கல்தான் அப்பச்சி. ஆனா இடது பக்கம் ஆரம்பிச்சு வலது பக்கம் போகுது, வரி வரியா இருக்கு, கடைசில அவ பேரோட மொத எழுத்த திருப்பிப் போட்டிருக்கா. யாரும் சொல்லித் தரல, கடைக்காரவுக எழுதுறதப் பாத்து அவளா செஞ்சிருக்கா. நீங்க நோட்டுல பாத்த கிறுக்கல் அதான், எழுத்துக்கு முந்தின எழுத்து

தேவகோட்டை அயித்தை: அதப் போட்டோ எடுத்து வச்சிருக்கியா? தேதி போட்டு வையி. மூணு மாசம் கழிச்சு இன்னொண்ணோட வச்சுப் பாத்தா வளந்திருக்கிறது தெரியும், பரீட்சையே வேணாம்

அப்பச்சி: சரி. அப்ப டீச்சருக்கு என்னதான் வேல, பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா

தேவகோட்டை அயித்தை: அண்ணே அங்கதான் எல்லாருக்கும் தப்பா தோணுது. போர்டுல எழுதிப்போட்டு எழுதுங்கன்னு சொல்றது சுலபம், நானே செஞ்சவதான். இதுல காலைல புள்ளைக வர்றதுக்கு முன்னாடியே இன்னைக்கு என்ன எடுத்து வைக்கணும், எத எடுத்து உள்ள வைக்கணும், எந்தப் புள்ளைக்கு எண்ணு தடுமாறுது, எது யாரோடயும் பேச மாட்டேங்குதுன்னு எல்லாம் யோசிச்சு மூலைகள அமைக்கணும். அப்புறம் எப்பக் கேள்வி கேக்கணும், எப்ப வாய மூடிக்கிட்டு இருக்கணும்னு தெரியணும். சும்மா அவுத்து விடுறது வேற, இது வேற

அப்பச்சி: இதெல்லாம் இப்ப வந்த பேஷன்தான

தேவகோட்டை அயித்தை: இல்லண்ணே. ஜெர்மனில பிரோபெல்னு ஒருத்தர், 1837ல பேட் பிளாங்கன்பர்க்ங்கிற ஊர்ல சின்னப் புள்ளைகளுக்கு வெளாட்டுக்கூடம் ஆரம்பிச்சாரு, 1840ல அதுக்கு கிண்டர்கார்டன்னு பேர் வச்சாரு. புள்ளைகளோட தோட்டம்னு அர்த்தம். எல்கேஜில வர்ற ‘கே’யே அதான். அவர் குடுத்தது நூல் பந்து, மரத்துல உருண்டை, உருளை, கட்டை இதுகதான். நம்ம நாட்லயே குஜராத்ல கிஜுபாய் பதேக்கா 1920ல பாவ்நகர்ல பாலமந்திர் தொறந்தாரு. மரியா மாண்டிசோரி அம்மா 1939ல நம்ம மெட்ராசுக்கே வந்தாக, அடையார்ல டீச்சர்களுக்குப் பயிற்சி குடுக்க, அப்ப அவுகளுக்கு 69 வயசு, யுத்தம் வந்து 1946 வரைக்கும் இந்தியாவுலயே இருந்துட்டாக. நாங்க டிரெயினிங்ல படிச்சதுதான் இது எல்லாம், படிச்சிட்டு வகுப்புக்குப் போனா 45 புள்ளைக, ஒரு சாக்பீசு. செய்ய முடியலையேங்கிற வருத்தம் இன்னைக்கும் எனக்கு இருக்கு

கோயம்புத்தூர் அண்ணமிண்டி: அயித்தை ஒண்ணு சொல்லணும். நீங்க பேசுறதப் படிச்சிட்டு இப்ப தம்பிகிட்ட 7 ஸ்பூன் எடுத்துட்டு வாடான்னேன். ஒரு கை நெறைய அள்ளிட்டு வந்தான். எண்ணுன்னா வேகமா பத்து வரைக்கும் சொல்லிட்டு நிக்கிறான், ஆனா அங்க இருந்தது அஞ்சுதான். 50 வரை எழுதுறானே இது எப்படி

தேவகோட்டை அயித்தை: பதறாதீகத்தா. அவனுக்கு எண்ணோட பேர் தெரியும், பாட்டு மாதிரி மனப்பாடம். ஒரு பொருளுக்கு ஒரு எண்ணுன்னு தொட்டுத் தொட்டுச் சொல்றதும், கடைசியாச் சொன்னதுதான் மொத்தம்னு புரியறதும் வேற வேலை. அது கைல சாமான் இருந்தாத்தான் வரும். நாலு பேருக்குத் தட்டு வைக்கச் சொல்லுங்க, இட்லி வைக்கச் சொல்லுங்க, ரெண்டு வாரத்துல பாருங்க

கோயம்புத்தூர் அண்ணன்: ஸ்கூல் இப்போதைக்கு மாத்த முடியாது, பணம் கட்டியாச்சு

தேவகோட்டை அயித்தை: மாத்தச் சொல்லலப்பா. 4 பக்கத்த 1 பக்கமா கொறைக்க முடியுமான்னு டீச்சர்கிட்ட தன்மையாக் கேளுங்க, கைவலிய சொல்லுங்க. வீட்ல சப்பாத்தி மாவு உருட்டட்டும், பூண்டு உரிக்கட்டும், துணி கிளிப்ப அமுக்கி மாட்டட்டும், கோலத்துக்குப் புள்ளி வைக்கட்டும். ஆம்பளப் புள்ள கோலம் போட்டா என்ன, விரலுக்கு அதவிட நல்ல பயிற்சி கிடையாது

அப்பச்சி: அப்ப எழுத்து எப்பதான் வரும்

நான்: எழுத்தே இல்லாம இல்ல அப்பச்சி. தினம் ஒரு கதை, பாட்டு, அப்புறம் சத்த வெளாட்டு. பணியாரம், பட்டாலை, பந்து எல்லாம் எந்தச் சத்தத்துல ஆரம்பிக்குதுன்னு கேப்பாக. மண்ணுல விரலால எழுதுறாக. பென்சில் யூகேஜில கை பழகினதுக்கு அப்புறம்னு சொன்னாக. பின்லாந்துல ஒண்ணாப்பே 7 வயசுலதான் அண்ணே. நம்ம நாட்லயும் 2022ல வந்த தேசியக் கலைத்திட்டத்துல 3ல இருந்து 8 வயசு வரை வெளாட்டுதான் நடுவுல, எழுத்துப் பரீட்சை இந்த வயசுக்குப் பொருந்தாதுன்னே போட்டிருக்கு

நான்: ஆனா வெளாட்டுன்னு போர்டு போட்ட எல்லாத்தையும் நம்பிராதீக. இதுக்கு முன்னாடி நான் ஒரு எடத்துக்குப் போனேன், வாசல்ல சறுக்கு மரம், செவுத்துல கார்ட்டூன், உள்ள போனா முப்பது புள்ளைக பெஞ்சுல வரிசையா உக்காந்து ஒரே எழுத்த எழுதிக்கிட்டு இருக்காக. சறுக்கு மரத்துல மழைத்தண்ணி தேங்கி பாசி புடிச்சிருந்துச்சு, ஒரு புள்ளையும் அதுல ஏறினதா தெரியல. போய்ப் பாத்தா புள்ளைக பேசுற சத்தம் கேக்கணும், சாமான் புள்ள கைக்கு எட்டுற உயரத்துல இருக்கணும், வெளாண்டதுனால அழுக்காகி இருக்கணும். நான் அத வச்சுத்தான் முடிவு பண்ணேன்

அப்பச்சி: அப்பத்தா பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாக. பல்லாங்குழி எங்கன்னு கேக்குறாக. அவுக கணக்குக் கத்துக்கிட்டதே அதுலதானாம், 14 குழிக்கு அஞ்சஞ்சு புளியங்கொட்டை, 70. ஒரு குழில நாலு சேந்தா அதுக்குப் பசுன்னு பேர். எதிராளி குழில எத்தன இருக்குன்னு பாத்தவுடனே சொல்லிருவாகளாம்

தேவகோட்டை அயித்தை: ஆமாண்ணே, என்னைய எத்தன தடவ தோக்கடிச்சிருக்காக ஆத்தா! குட்டிக்கு மொதல்ல ஆட்டம் வேணாம், குழிக்கு ஒண்ணாப் போட்டு வரட்டும், அதுவே போதும். ஆனா மூணு வயசுக்குக் கீழ உள்ளது பக்கத்துல இருந்தா கொட்டைய வைக்காதீக, மூக்குல போட்டுக்கிரும்

கோயம்புத்தூர் அண்ணன்: அந்த மரப் பல்லாங்குழி ரெண்டாங்கட்டு அறையிலதான இருந்துச்சு? முனீஸ்வரன் கோயில் தெருக் கடைக்குப் பழைய சாமான் போட்டப்ப போயிருச்சோ

அப்பச்சி: அதக் குடுப்பேனா. உள்ள பெட்டகத்துக்கு மேல இருக்கு. ஆனா அந்த அறைச் சாவி பங்காளி வீட்ல இருக்கு, அவுக சென்னையில

நான்: மாசில முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு வருவாகல்ல, அப்ப எடுப்போம்

கோயம்புத்தூர் அண்ணமிண்டி: அவ்வளவு நாள் ஆகுமா? தம்பிக்கு நாங்க முட்டை அட்டைய வெட்டி 14 குழி பண்ணிக்கிறோம். கொட்டை எங்க கிடைக்கும், இங்க எல்லாரும் பேஸ்ட்தான் வாங்குறோம்

அப்பச்சி: புளி இங்க கொட்டையோடதான் இருக்கு. அப்பத்தாவும் குட்டியும் இப்பவே எடுக்க உக்காந்துட்டாக. எழுபது எழுபதா ரெண்டு பொட்டலம் போட்டு நாளைக்கு கோயம்புத்தூர் பஸ்ல குடுத்து விடுறேன், டிரைவர் நம்பர் அனுப்புறேன்