ஆல்ப்ஸ் மீட்டர்கேஜில் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாள ரயில் பாதைகளில்) படமெடுக்கப் போனவர்களே, உங்களை விடாத ஒரு தருணத்தைச் சொல்லுங்கள்

கல்லாறு எழுதியது:

அடுத்த கோடையில் மறுபடியும் சுவிட்சர்லாந்தின் பெர்னினா மலை ரயில் பாதைக்குப் போகத் திட்டமிடுகிறேன். எங்கே தங்குவது, எவ்வளவு செலவாகும் என்பதெல்லாம் இங்கே அலசியாகிவிட்டது. எனக்கு வேண்டியது வேறு. பாதையோரத்தில் நின்றபோது எது வந்தது, எது இன்னும் உங்களை விடாமல் பிடித்திருக்கிறது, அதைச் சொல்லுங்கள். எனக்கு நேர்ந்ததை முதலில் எழுதிவிடுகிறேன்.

மொன்டெபெல்லோ வளைவு. இடம் தெரியாதவர் இங்கே யாரும் இருக்க மாட்டார்கள். காலை வெயில், பின்னணியில் மோர்டெராட்ச் பனியாறு, சரிவில் வரிசையாக முக்காலிகள். எல்லோரும் காத்திருந்தது சுற்றுலா ரயிலான பெர்னினா எக்ஸ்பிரஸுக்காக. அது வந்தது, போனது. பைகளை மூடிக்கொண்டு கூட்டம் இறங்கிவிட்டது. லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்ததால் நான் மட்டும் அங்கேயே இருந்தேன்.

அப்போது கீழிருந்து மோட்டார் முனகும் சத்தம். சாதாரண வட்டார ரயில்தான். முன்னால் அலெக்ரா எனப்படும் சிவப்பு மின்சார ரயில், அதன் பின்னால் பயணிகள் பெட்டிகள், அவற்றுக்கும் பின்னால் பட்டை உரிக்காத மரத்தடிகளை ஏற்றிய சரக்கு வண்டிகள்! 7 சதவீத ஏற்றம், தண்டவாளங்களுக்கு நடுவில் உள்ள பற்களைப் பற்றி ஏறும் பல்சக்கரமும் கிடையாது. வெறும் சக்கரப் பிடிப்பில் அத்தனையையும் இழுத்துக்கொண்டு அந்த வளைவில் ஏறியது. பயணிகள் பெட்டியின் சன்னலோரத்தில் ஒரு பெண்மணி காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு காடே வந்துகொண்டிருந்தது. கடைசி வண்டி கடக்கும்போது ஈர மரத்தின் மணம் முகத்தில் அடித்தது.

1910-இல் முழுமையாகத் திறந்த பாதை, 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் அது இன்றும் மரமும் எண்ணெயும் சுமக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இந்த முறை திட்டத்தையே கலப்பு ரயில்களைச் சுற்றித்தான் போடப்போகிறேன். எக்ஸ்பிரஸ் வந்தால் வரட்டும்.


மீட்டர்கேஜ் எழுதியது:

என்னுடையது ரயிலைப் பற்றியது இல்லை. ஆனாலும் திட்டமிடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

பிரேடாவிலிருந்து பெர்கூனுக்கு இறங்கும் நடைவழி. இரண்டு ஊர்களுக்கும் இடையே உயர வேறுபாடு 400 மீட்டருக்கு மேல். அதைச் சமாளிக்கத்தான் ஆல்புலா பாதை மலைக்குள் சுருள் சுருளாகச் சுற்றிச் சுமார் 12 கிலோமீட்டர் ஓடுகிறது. ஒரே ரயில் தலைக்கு மேல் ஒருமுறை, எதிர்ச்சரிவில் ஒருமுறை, பிறகு காலடியில் ஒருமுறை என்று வந்துகொண்டே இருக்கும். நான் பாதையோரக் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தேன். வேறொரு படக்காரர் கோணம் சரியில்லை என்று வேலியைத் தாண்டிப் புல்வெளிக்குள் போய்விட்டார். இடுப்பளவுக்குப் புல், நடுநடுவே மஞ்சளும் ஊதாவுமாகப் பூ.

வீட்டிலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். கத்தவில்லை. அந்தப் படக்காரர் நடந்த தடத்தின் தொடக்கத்தில் குனிந்து, மிதிபட்டுச் சாய்ந்த புல்லைக் கையால் ஒவ்வொரு கொத்தாக நிமிர்த்தத் தொடங்கினார். நிமிர்த்தினால் மறுபடி சாய்கிறது. விடாமல் செய்துகொண்டே அந்தப் படக்காரரை நோக்கி வந்தார். அருகில் வந்ததும் ஒரே வாக்கியம், ஜெர்மன் மொழியில். பக்கத்தில் இருந்தவர் எனக்கு மொழிபெயர்த்தார்: "இது குளிர்காலத்தில் என் மாடுகள் சாப்பிட வேண்டியது."

அந்தப் புல்லை அறுத்துக் காயவைத்துத்தான் பனிக்காலம் முழுவதும் மாடுகளுக்குப் போடுகிறார்கள். மிதித்துச் சாய்த்தால் அறுக்க முடியாது. நம் ஊரில் கதிர் முற்றிய வயலுக்குள் யாராவது முக்காலியோடு இறங்கினால் பொறுத்துக்கொள்வோமா? ரயில் படம் என்றால் எங்கும் போகலாம் என்ற எண்ணம் நம்மவர்களிடமும் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.


பல்சக்கரம் எழுதியது:

கல்லாறு அவர்களே, நீலகிரி மலை ரயிலில் பல்சக்கர ஏற்றம் தொடங்கும் கல்லாறு நிலையத்தின் பெயரை வைத்துக்கொண்டு, பல்சக்கரமே இல்லாத பெர்னினாவுக்கு இரண்டாம் முறையும் போவது எனக்குப் புரியவில்லை. லாண்ட்வாசர் பாலத்தையும் புருசியோ வட்டப் பாலத்தையும் எத்தனை பேர்தான் எடுப்பார்கள்? கூர் நகரிலிருந்து கிளம்பி ஃபுர்க்கா மலைப்பாதைக்குப் போங்கள். ரியால்ப் முதல் ஓபர்வால்ட் வரை 18 கிலோமீட்டர், நீராவி, ஆப்ட் முறை (பல்தண்டவாள ஏற்பாடுகளில் ஒரு வகை) பல்சக்கரம். 1982-இல் அடியில் நீண்ட சுரங்கப்பாதை திறந்ததும் கைவிடப்பட்ட மலைப்பாதை அது. தன்னார்வலர்கள் பகுதி பகுதியாக மீட்டு 2010-இல் முழுவதும் ஓடவைத்தார்கள்.

ரியால்பில் ஏறி முதல் பெட்டியில் உட்கார்ந்தேன். இன்ஜின், வின்டர்தூரில் 1913-இல் செய்தது. பாதை மின்மயமான பிறகு 1947-இல் வியட்நாமுக்கு விற்றுவிட்டார்கள். தலாத் மலைப்பாதையில் உழைத்துத் துருப்பிடித்துக் கிடந்ததை 1990-இல் கப்பலேற்றித் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஊரைத் தாண்டிச் சற்று தூரத்தில் வேகம் குறைந்தது. தரைக்கடியில் ஒரு சின்னக் குலுக்கல். பல்சக்கரம் நடுத்தண்டவாளப் பற்களைக் கவ்விக்கொண்டது. அதுவரை புகைபோக்கியில் தனித்தனியாக வெடித்து வந்த சத்தம் அடங்கி, கனமான நெருக்கமான தாளமாக மாறியது.

கண்ணை மூடிக்கொண்டேன். அது கல்லாறு நிலையத்துக்கு அப்பால், குன்னூர் ஏற்றம் தொடங்கும் இடம்! ஒரு துளி வித்தியாசம் இல்லை. எப்படி இருக்கும்? நீலகிரியின் பழைய எக்ஸ் வகை இன்ஜின்களும் 1914 முதல் அதே வின்டர்தூர் தொழிற்சாலையில் செய்தவைதாம். அங்கும் ஆப்ட் முறை. இரண்டிலும் நான்கு சிலிண்டர்கள்: இரண்டு சாதாரணச் சக்கரத்துக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு. முதல் இரண்டில் வேலை செய்த நீராவியே அடுத்த இரண்டுக்கும் போகிறது. மேட்டுப்பாளையத்தில் வளர்ந்த எனக்கு அந்தச் சத்தம் பால்யத்திலிருந்து தெரியும். பக்கத்தில் இருந்த சுவிஸ் முதியவரிடம் கைபேசியில் இருந்த குன்னூர் காணொளியைப் போட்டுக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை, கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டார்.

தேதியில் கவனம். ஜூன் கடைசி முதல் அக்டோபர் தொடக்கம் வரைதான் ஓடும். ஸ்டெஃபன்பாக் பாலத்தைப் பனிச்சரிவு அடித்துக்கொண்டு போய்விடும் என்று ஒவ்வோர் இலையுதிர்காலமும் மடித்து வைத்துவிடுகிறார்கள். 1925-இலிருந்து இதுதான் வழக்கம்.


சன்னலோரம் எழுதியது:

பல்சக்கரம் சொல்வதை ஏற்க முடியாது. பல்சக்கரம் இருந்தால்தான் மலை ரயில் என்று யார் சொன்னது? பல்சக்கரமே இல்லாமல் 2,253 மீட்டர் உயரத்துக்கு ஏறி, இத்தாலியில் திரானோவுக்கு 429 மீட்டருக்கு இறங்குவது சாதாரண வேலையா? லாண்ட்வாசரை எல்லோரும் எடுத்துவிட்டார்கள் என்பதும் வாதமே இல்லை. 1902-இல் கட்டி முடித்த பாலம், 65 மீட்டர் உயரம், 100 மீட்டர் ஆரத்தில் வளைந்து நேராகச் செங்குத்துப் பாறைக்குள் நுழைகிறது. நான் பின்பெட்டியில் திறந்த சன்னலருகே இருந்தேன். இன்ஜினும் முன்பெட்டிகளும் பாறைக்குள் போய்விட்டன. நான் இன்னும் ஆற்றுக்கு மேலே வெட்டவெளியில், காற்று சட்டையை இழுக்கிறது. முன்பெட்டியின் கூரையில் வெயில் ஒரு கோடாகக் குறைந்து அணைவது தெரிந்தது. அவ்வளவுதான் என் அனுபவம். அதை எந்தக் காட்சி மேடையில் நின்றாலும் பார்க்க முடியாது.

திட்டமிடுகிறவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். பெர்னினா எக்ஸ்பிரஸ், க்ளேசியர் எக்ஸ்பிரஸ் இரண்டின் பனோரமா (பெரிய கண்ணாடிச் சன்னல்) பெட்டிகளிலும் சன்னல் திறக்காது. படமெடுக்கப் போகிறவர் அதில் ஏறி முன்பதிவுக் கட்டணமும் தனியாகக் கட்டிவிட்டுக் கண்ணாடியில் தெரியும் தன் சட்டையைப் படமெடுத்துக்கொண்டு வருவதில் என்ன பயன்? அதே தண்டவாளத்தில், அதே காட்சிகளோடு, சாதாரண ரயில்கள் ஏறக்குறைய மணிக்கு ஒன்று ஓடுகின்றன. சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால் தனி டிக்கெட் வேண்டாம், பிடித்த நிலையத்தில் இறங்கலாம், அடுத்ததில் ஏறலாம். கோடையில் பெர்னினாவில் கூரையில்லாத மஞ்சள் பெட்டிகளைச் சில ரயில்களில் இணைக்கிறார்கள். அதில் ஏறினால் காதை மூடும் குல்லாய் வேண்டும், ஜூலையிலும் உச்சியில் குளிர் நடுக்கும். கண்ணாடிக்குள்ளிருந்துதான் எடுக்க வேண்டும் என்றால் கறுப்புச் சட்டை போடுங்கள், லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள்.

வெளிச்சம் இன்னொரு பெரிய விஷயம். அங்கே சூரியன் உதிப்பது வேறு, பள்ளத்தாக்குக்குள் வெயில் விழுவது வேறு. நவம்பர், டிசம்பரில் சில இடங்களில் நாள் முழுவதும் நிழல்தான். வரைபடத்தில் முகட்டின் உயரத்தையும் சூரியனின் கோணத்தையும் பார்க்காமல் இடம் குறிக்காதீர்கள். பனியில் எடுக்கும்போது கேமரா தானாகக் கணக்கிட்டால் வெண்மை சாம்பலாகிவிடும், வெளிச்ச அளவைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கால அட்டவணை டிசம்பரில் மாறும், பழைய பயணக் குறிப்புகளில் உள்ள நேரத்தை நம்பி மலையேறாதீர்கள். திரானோவில் இறங்குவது இத்தாலியில், ஷெங்கன் விசா ஒன்றே போதும். ஆனால் கடவுச்சீட்டை அறையில் விட்டுவிட்டுப் போக வேண்டாம். அந்த ஊரில் பேராலயத்தின் முன்னால் வீதியிலேயே ரயில் ஓடும், அதற்கு அகலக்கோண லென்ஸ் போதும். எல்லா லென்ஸையும் சுமக்கிறவர் எந்த ஏற்றமும் ஏற மாட்டார், இரண்டுக்கு மேல் வேண்டாம்.


பழைய இன்ஜின் எழுதியது:

சண்டை போதும். நான் வீசன் பாலத்தைச் சொல்ல வந்தேன்.

டாவோஸ்–பிலிசூர் கிளை, 1909-இல் கட்டியது, கிட்டத்தட்ட 89 மீட்டர் உயரம். தண்டவாளத்தை ஒட்டியே நடைபாதை இருக்கிறது. கோடையில் அந்தக் கிளையில் சில நாட்கள் 'க்ரோக்கடைல்' (முதலை) என்று பட்டப்பெயர் கொண்ட பழைய இன்ஜின் ஓடும் என்று தெரிந்து நடுப்பாலத்தில் போய் நின்றேன். முதலில் எந்தச் சத்தமும் இல்லை. கைப்பிடிக் கம்பி உள்ளங்கையில் லேசாக நடுங்கியது. பிறகுதான் அந்தக் 'கடக், கடக்' வந்தது. மின்சார இன்ஜின்தான், ஆனால் நீராவி இன்ஜினைப்போல இணைப்புத் தண்டு சுழன்று சக்கரத்தைத் தள்ளும். 1920களில் செய்த 15-இல் எஞ்சியிருக்கிற சிலவற்றில் ஒன்று. அந்தத் தண்டு என் கைக்கெட்டும் தூரத்தில் மேலும் கீழுமாகச் சுற்றிக்கொண்டு போனது. எண்ணெயும் சூடான இரும்பும் கலந்த வாசனை. தண்டின்மேல் புதிதாகப் போட்ட மசகு வெயிலில் பளபளத்தது.

நூறு வயதை ஒட்டிய இன்ஜினின் மூட்டுக்கு அன்று காலை யாரோ கையால் எண்ணெய் போட்டிருக்கிறார்கள். படத்தில் அந்தப் பளபளப்பு இருக்கிறது. முழு இன்ஜினை எடுத்த மற்ற படங்களைவிட எனக்கு அதுதான் வேண்டும். வினாடியில் முப்பதில் ஒரு பங்கு, தண்டு மட்டும் கலங்கியிருக்கும், எண்ணெய்க் கிண்ணத்தின் மூடி தெளிவாக இருக்கும்.


கல்லாறு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பல்சக்கரம் ஐயா, குன்னூர் சத்தத்தைச் சொல்லி என்னை அசைத்துவிட்டீர்கள். ஜூன் கடைசி என்று வைத்திருந்ததை ஜூலை நடுவுக்குத் தள்ளுகிறேன். முதலில் பெர்னினாவில் கலப்பு ரயில், பிறகு வீசன், கடைசியில் ஃபுர்க்கா. சன்னலோரம் சொன்னபடி இரண்டே லென்ஸ்.

ஒரு கேள்வி மட்டும் மீட்டர்கேஜுக்கு. ஜூலை நடுவில் பெர்கூன் பக்கம் புல் அறுத்துவிட்டிருப்பார்களா?


மீட்டர்கேஜ் எழுதியது:

உயரத்தையும் அந்த ஆண்டின் மழையையும் பொறுத்தது. கீழ்ச்சரிவில் அறுத்திருப்பார்கள், மேலே புல் இன்னும் அறுக்காமல் இருக்கலாம். அறுத்த வெளியாக இருந்தாலும் வேலியைத் தாண்டுவதற்கு முன் வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள். அந்த மூதாட்டியின் வீட்டுக்கு எதிரே, பாதையின் வெளிவளைவில் ஒரு மரப் பெஞ்சு இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் ரயில் சுரங்கத்திலிருந்து வெளிவருவது நன்றாகத் தெரியும், புல்லில் கால் வைக்கவே வேண்டாம்.