எதிர்வீட்டு நாய் ஓயாமல் குரைக்கிறது: பொலிஸா, பயிற்சியா?

நித்திரைகெட்டவன்:
வெள்ளவத்தையில் தொடர்மாடி, ஐந்தாம் தட்டு. எதிர்வீட்டில் ஒரு நாய். கடற்கரைப் பக்கம் ரயில் போனால் குரைப்பு. தெருவில் பாண் விற்கிற சூன் பாண் ஓட்டோ அந்தப் பீத்தோவன் மெட்டோடு வந்தால் ஊளை. வீட்டுக்காரர் வேலைக்குப் போனபிறகு தொடங்குவதுதான் பெரிய கொடுமை. மகள் ஓ.எல் பரீட்சை எடுக்கிறாள். மூன்று தரம் போய்ச் சொன்னேன். "நாய் என்றால் குரைக்கத்தானே செய்யும்" என்று சிரிக்கிறார். பொலிஸுக்குப் போகவா, அல்லது குரைத்தால் கழுத்தில் மின் அதிர்ச்சி கொடுக்கிற ஷாக் பட்டி ஒன்று வாங்கிக் கொடுக்கவா?

மூன்றுநாய்அக்கா:
ஷாக் பட்டி மட்டும் வேண்டாம் தம்பி. வேல்ஸில் 2010இலேயே அதைத் தடைசெய்துவிட்டார்கள். பயத்தில் குரைக்கிற நாய்க்கு வலியையும் கொடுத்தால் ரயில் வந்தால் வலிக்கும் என்று முடிச்சுப் போட்டுக்கொள்ளும். சிட்ரனெல்லா எண்ணெய் பீய்ச்சுகிற பட்டியும் இருக்கிறது. மூக்காலேயே உலகத்தை அறிகிற பிராணியின் மூக்கடியில் அதை அடிப்பது என்ன நியாயமோ. பக்கத்து நாய் குரைத்தாலும் சில பட்டிகள் வேலைசெய்யும், அப்போது இது என்ன பிழை செய்தது?

தெஹிவளையான்:
அக்கா, நாய் மேல் இருக்கிற இரக்கம் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மேல் இல்லையா? பொதுத் தொல்லைக்கென்று 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 98ஆம் பிரிவு இருக்கிறது. நீதவான் கட்டளை போட்டால் சிரிப்பு நிற்கும்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
நான் நாய் வளர்க்கிற பக்கத்து ஆள், ஏச வேண்டாம். எங்கள் மணியைச் சத்தம் போட்டு அடக்கப் பார்த்தேன். நானும் சேர்ந்து குரைக்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ, இன்னும் உற்சாகமாகிவிட்டான். தபால்காரரைக் கண்டு குரைக்கிறான், அவர் போய்விடுகிறார். அவன் கணக்கில் அது தினமும் ஒரு வெற்றி! அப்புறம் பாண் ஓட்டோச் சத்தத்தை போனில் பதிந்து, மிக மெல்லமாகப் போட்டு, பேசாமல் இருந்தால் ஒரு துண்டு கோழி. நாளாக நாளாகச் சத்தத்தைக் கூட்டினேன். சாப்பாட்டுக்காகக் குரைப்பதைக் கவனிக்காமல் விட்டபோது முதல் வாரம் இரண்டு மடங்காகக் கத்தினான். அந்த நேரத்தில் மனமிளகி ஒரு துண்டு போட்டால் எல்லாம் போச்சு.

தெஹிவளையான்:
எல்லாம் சரி அண்ணா. அது உங்கள் நாய். இவர் எதிர்வீட்டுக் கதவுக்குக் கீழாலா கோழித்துண்டு தள்ளுவது?

மூன்றுநாய்அக்கா:
அதுவும் நியாயம்தான். ஆனால் தம்பி, ஆள் போனபிறகு குரைப்பது வேறு வருத்தம், தனிமைப் பயம். கதவைப் பிறாண்டும், எச்சில் வடிக்கும். அதற்குத் தண்டனை உதவாது. அரை நிமிடம் வெளியே போய், அது தொடங்குமுன் திரும்பி வந்து, நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். முற்றினால் மிருக வைத்தியர் மருந்தும் தருவார். முதலில் அது எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, எப்போது நிறுத்துகிறது என்று பதிந்து பாருங்கள்.

நித்திரைகெட்டவன்:
மூன்று நாள் பதிந்தேன். எட்டேகாலுக்குக் கதவு பூட்டுகிற சத்தம், எட்டு இருபதுக்குத் தொடங்கியது, பத்தே முக்கால் வரை. நேற்று இரவு வீட்டுக்காரருக்குப் போட்டுக் காட்டினேன். மனிதர் முகம் செத்துப்போயிற்று. ரயிலுக்குக் குரைப்பது தெரியுமாம், இது தெரியாதாம். அவர் வீட்டில் இருக்கும்போதுதான் அது அப்படி அழுவதில்லையே. சனிக்கிழமை வைத்தியரிடம் கொண்டுபோகிறார்.

தெஹிவளையான்:
நல்லது. ஆனாலும் அந்தப் பதிவுகளை அழிக்க வேண்டாம். சனிக்கிழமை மழை பெய்து அவர் போகாவிட்டால், பிணக்கைப் பேசித் தீர்க்கிற மத்தியஸ்த சபைக்குத் தேவைப்படும்.