கைரோபிராக்டிக், சயாட்டிக்கா: வெள்ளிக்கிழமைக்குள் தமிழ் வேண்டும்

ஸ்காபரோவிலிருந்து:
மடல் குழுவினருக்கு வணக்கம். இங்கே கனடாவில் ஒரு சிகிச்சை நிலையத்துக்கு நோயாளி ஒப்புதல் படிவம் மொழிபெயர்க்கிறேன். வாசிக்கப்போவது பெரும்பாலும் யாழ்ப்பாணத்து முதியவர்கள். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலியான சயாட்டிக்காவுக்கு 'நாரி நரம்பு நோ' என்று எழுதியிருக்கிறேன். எங்கள் பேச்சில் நாரி என்றால் இடுப்பு, கீழ்முதுகு. முதுகெலும்பைக் கையால் அழுத்திச் செய்யும் கைரோபிராக்டிக்குக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

மதுரையிலிருந்து:
நாரி என்றால் இங்கே பெண், அம்மா. 'பெண் நரம்பு நோ' என்று படித்துத் திகைத்துப்போனேன்! இடுப்பு நரம்பு வலி போதாதா? மற்றதற்குக் 'கைம்மருத்துவம்' என்க. கிரேக்கத்தில் கைர் என்றால் கை. தெலுங்கர் கையையே 'செய்யி' என்கிறார்கள். செய், கை, கைர் மூன்றும் ஒரே வேர் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறேன். கேட்பாரில்லை.

கோவையிலிருந்து:
ஐயா, ஹிட்டைட் என்ற பழைய இந்தோ-ஐரோப்பிய மொழியில் கைக்குக் 'கெஸ்ஸர்'. கைர் அந்தக் குடும்பத்துச் சொல். ஒலி ஒத்தால் உறவாகிவிடுமா? அதைவிடுங்கள், கைமருத்துவம் என்றதும் எனக்குச் சுக்குக் கஷாயம்தான் நினைவுக்கு வருகிறது. கைவைத்தியம் என்ற வழக்கு ஏற்கெனவே இருக்கிறதே. ஸ்காபரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் கைரோபிராக்டிக் தொழிலுக்கு 1991இலேயே தனிச் சட்டம் உண்டு. பாட்டி வைத்தியத்தின் பெயரை அதற்கு எப்படி வைப்பது?

மதுரையிலிருந்து:
அப்படியானால் 'தண்டுவடக் கைப்பண்டுவம்'. பண்டுவம் என்றால் சிகிச்சை; நல்ல தமிழ்ச்சொல், வழக்கொழிந்தது நம் குற்றம்.

சென்னையிலிருந்து (எலும்பு மருத்துவம்):
தண்டுவடம் என்பது எலும்புக்குள் ஓடுகிற நரம்புத்திரள். அதில் யாரும் கைவைக்கக் கூடாது! வேண்டுமானால் முள்ளந்தண்டு என்று எழுதுங்கள். 'இடம் விலகிய எலும்பைத் திரும்பப் பொருத்துதல்' என்று விளக்கம் எழுதவும் வேண்டாம். 1895இல் பால்மர் என்பவர் அமெரிக்காவில் அயோவாவின் டேவன்போர்ட் ஊரில் இதைத் தொடங்கியபோது சொன்ன கதை அது. முதுகெலும்பை அழுத்திக் காது கேட்கவைத்தேன் என்றும் சொன்னார். சயாட்டிக்காவில் பெரும்பாலும் முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துகிறது. வலி பிட்டத்திலிருந்து தொடையின் பின்பக்கமாக முழங்காலுக்குக் கீழே வரை இறங்கும். பலருக்குச் சில வாரங்களில் தானாகவே குறையும். பெயரை எப்படியும் வையுங்கள், ஆனால் இந்த வரி மட்டும் எல்லோருக்கும் புரியவேண்டும்: கால்களுக்கு நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீர் போகாமல் அடைத்துக்கொண்டாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும்.

பாரிஸிலிருந்து:
ஊரில் முறிவு நெரிவு வைத்தியம் என்பமே, அது பொருந்தாதா?

ஸ்காபரோவிலிருந்து:
அப்படி எழுதினால் எண்ணெயும் மட்டையும் வைத்துக் கட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டு வருவினம். டாக்டர் சொன்ன வரியை அப்படியே சேர்த்துவிட்டேன். கழுத்தைத் திருப்பும்போது அரிதாகப் பக்கவாதம் வரக்கூடும் என்று படிவத்தில் இருக்கிறது. அதையும் சுற்றிவளைக்காமல் எழுதியிருக்கிறேன்.

கோவையிலிருந்து:
'கைரோபிராக்டிக்' என்று ஒலிபெயர்த்து, பக்கத்திலேயே 'முள்ளந்தண்டையும் மூட்டுகளையும் கையால் அழுத்தி, அசைத்துச் செய்யும் சிகிச்சை' என்று போட்டுவிடலாம். நாரியும் இருக்கட்டும். படிப்பவர்கள் ஸ்காபரோக்காரர்கள், மதுரைக்காரர்கள் இல்லையே.

சென்னையிலிருந்து:
சரி. நாரிக்குப் பக்கத்தில் 'காலுக்கு இறங்கும் வலி' என்றும் சேருங்கள். இல்லாவிட்டால் வெறும் நாரிப்பிடிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

பாரிஸிலிருந்து:
எனக்கும் சம்மதம். களைத்துப்போனேன்.

ஸ்காபரோவிலிருந்து:
அப்படியே அனுப்புகிறேன். எல்லோருக்கும் நன்றி.

மதுரையிலிருந்து:
அனுப்புங்கள், அம்மா. பெரும்பான்மை முடிவுக்குத் தடை சொல்லவில்லை. ஒலிபெயர்ப்பு கலைச்சொல் ஆகாது என்ற என் மறுப்பு மட்டும் பதிவாகட்டும். 'கெஸ்ஸர்' பற்றி நாளை தனி மடல் எழுதுகிறேன்.