ஆற்றங்கரை வாத்துக் கறி: தொடை வேக மறுக்கிறது

டிரினிடாட், கௌரா ஆற்றங்கரை. மூன்று கல் அடுப்பு, விறகுத் தீ, கனமான இரும்புச் சட்டி. முற்றிய மஸ்கோவி ஆண் வாத்து, ஏறக்குறைய 4 கிலோ. தோலைத் தீயில் வாட்டி, எலுமிச்சையும் மாவும் தேய்த்துக் கழுவி, ஷாடோ பெனி (கொத்தமல்லி மணமுள்ள நீள இலை), பூண்டு, தைம் என்ற மணமூலிகை எல்லாம் அரைத்த பச்சை மசாலாவில் இரவு முழுவதும் ஊறவைத்தேன். கறித்தூளைத் தாளித்து, இறைச்சியை அதன் நீரிலேயே சுண்டவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றினேன்.

இரண்டு மணி நேரமாகியும் தொடைக்கறி ரப்பர்! வீட்டு கேஸ் அடுப்பில் இந்த அடம் கிடையாது.

மூடி போட்டேன், விறகை மாற்றினேன், காற்றுக்குத் தகரம் மறைத்தேன். தீயைக் கூட்டினால் அடிபிடிக்கிறது, குறைத்தால் கொதியே நின்றுவிடுகிறது. இளம் வாத்து வாங்கச் சொல்லாதீர்கள்; ருசி முற்றியதில்தான்.

விறகடுப்பில் சமைப்பவர்களே, சுண்டியபின் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றுகிறீர்களா, வெந்நீராகச் சிறிது சிறிதாகவா?