முழங்கால் வலிக்கு உடற்பயிற்சி: எனக்குக் கிடைத்த பலனும் ஆய்வுகள் காட்டும் அளவும்

மூட்டுத் தேய்மானம் என்று தெரிந்ததும், நடையைக் குறைத்துக் காலுக்கு ஓய்வு கொடுக்கும்படி உறவினர் பலரும் வற்புறுத்தினார்கள். பிசியோதெரபிஸ்ட் மட்டும், தொடையின் முன்பக்கத் தசை வலுவிழந்தால் மூட்டுக்கு இருக்கும் பிடிமானமும் குறையும் என்று விளக்கி, நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையும் காலை நீட்டி உயர்த்துவதையும் பயிற்சியாகக் கற்றுத் தந்தார். தொடக்கத்தில் வலி சற்றுக் கூடியது. பயிற்சியைத் தொடங்கும்போது அப்படி நேரலாம் என்பதை நோயாளியிடம் எடுத்துச் சொல்லுமாறு பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலே கூறுவதை அறிந்த பிறகுதான் என் அச்சம் தணிந்தது. இப்போது கைப்பிடியைப் பற்றாமல் படி இறங்குகிறேன். ஆனால் வலி முற்றிலும் நீங்கிவிடவில்லை.

ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. 54 சோதனைகளைத் திரட்டிய காக்ரேன் என்னும் சர்வதேச மருத்துவ ஆய்வு மதிப்பீட்டு அமைப்பின் 2015ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், பயிற்சி செய்தவர்களின் வலி, செய்யாதவர்களின் வலியைவிட 100 புள்ளி அளவுகோலில் சராசரியாக 12 புள்ளிகள் குறைவாக இருந்தது. பயிற்சிக் காலம் முடிந்து 2 முதல் 6 மாதங்களில் அந்தப் பலன் 6 புள்ளிகளாகச் சுருங்கியது. பலரும் இடையில் பயிற்சியை விட்டுவிடுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். 139 சோதனைகளுடன் 2024இல் வந்த புதிய பதிப்போ, பலன் இருந்தாலும் நோயாளி தெளிவாக உணரும் அளவுக்கு அது பெரியதா என்பது உறுதியில்லை என்கிறது. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

மறுமொழி:

வணக்கம் ஐயா. பிசியோதெரபி துறையில் பணியாற்றுபவள் என்ற முறையில் எழுதுகிறேன். எவ்வளவு கடுமையாகச் செய்கிறோமோ அவ்வளவு பலன் கிடைக்கும் என்று நம்பி வருபவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். 377 பேரை 18 மாதங்கள் கண்காணித்து 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், தீவிர எடைப் பயிற்சி செய்தவர்களின் வலி, மிதமாகச் செய்தவர்களின் வலியைவிடவோ எடைப் பயிற்சியே தரப்படாத குழுவினரின் வலியைவிடவோ குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. ஆகவே, ஒருவர் விடாமல் செய்யக்கூடிய பயிற்சியையே நான் பரிந்துரைக்கிறேன்.

ஸ்டீராய்டு ஊசி போட்டதும் வலி தணிந்ததால் பயிற்சியை நிறுத்திவிட்ட ஒருவர், வலி திரும்பிய பின் மீண்டும் வந்தார். 156 பேரிடம் ஊசியையும் பிசியோதெரபியையும் ஒப்பிட்ட 2020ஆம் ஆண்டு ஆய்வில், ஓராண்டு முடிவில் பிசியோதெரபி பெற்றவர்களுக்கே வலியும் இயலாமையும் குறைவாக இருந்தன என்பதை அவருக்கு விளக்கினேன். பயிற்சியை மறுபடி தொடங்கியிருக்கிறார். மூட்டு திடீரெனச் சிவந்து சூடாக வீங்கினாலோ, காய்ச்சலோடு வலித்தாலோ, நீட்டவோ மடக்கவோ முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, பயிற்சியைத் தொடராமல் முதலில் மருத்துவரிடம் செல்லுங்கள்.